ஒரு நட்சத்திரம் போதும்

காபியில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள், தம்பி. பிரசன்னா என்றுதானே சொன்னீர்கள்? கச்சிபௌலியிலிருந்து இந்தத் திருமுல்கேரி வரை அந்தப் போக்குவரத்தில் வந்திருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

உங்கள் கம்பெனியின் சிந்தசைசர் மென்பொருளை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவன் என் மகன் யோகேஷ். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவன் நான். "வயலின், புல்லாங்குழல் எல்லாம் இதுக்குள்ளயே இருக்குப்பா. பொழுது போகும். ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கனடா போனான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பழுது உண்மையாகவே இருந்தது. கட்டையை அழுத்தினால் சத்தம் உடனே வராது. பல்லவியை வாசித்துவிட்டுப் போய்ப் பாலைக் காய்ச்சி இறக்கினால், கூடத்தில் அப்போதுதான் பல்லவி ஆரம்பிக்கும். புல்லாங்குழலை வைத்தால் கடுகு பொரிகிற ஓசை. தினமும் தாளிக்கிறீர்கள், வாசனையே வரவில்லையே என்று பக்கத்து வீட்டு உஷாம்மா விசாரித்திருக்கிறார்.

உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். கிரி என்பவர் எடுத்தார். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். உடனே போனில் ஒரு கேள்வி: அவருக்கு எத்தனை நட்சத்திரம்? கோபத்தில் ஒன்று கொடுத்தேன். மறுநாள் கிரியே கூப்பிட்டார். ஒரு நட்சத்திரம் வாங்கியவர், கொடுத்தவரை அழைத்துப் பேசியே ஆக வேண்டும் என்பது உங்கள் ஆபீஸ் விதியாம். மரியாதையாக, வெகுநேரம் பேசினார். நல்ல விதி, தம்பி. அதை எழுதினவருக்கும் பேச ஆள் இருந்திருக்காது.

கொஞ்ச நாளில் கிரியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆண்டனி வந்தார். அவரும் போனார். அப்புறம்தான் சௌம்யா. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். "நக்கோ அங்கிள், வேணாம், நீங்களா எதையும் அழுத்தாதீங்க, நான் பாக்குறேன்" என்றாள். அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எதையோ மாற்றினாள். கட்டையைத் தொட்டேன். தொட்ட கணமே சத்தம் வந்தது.

ஐந்து கொடுத்தால் புகார் முடிந்துபோகும். ஒன்று கொடுத்தேன்.

மறுநாள் அழைத்தாள். "இன்னும் திக்குதா அங்கிள்?"

"நீ பார்க்கிற வரைக்கும் ஒழுங்கா இருக்கும்மா. நீ போனை வச்சதும் திக்குது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிடுற மாதிரி."

சிரித்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒன்றுதான் கொடுத்தேன். அவளும் அழைத்துக்கொண்டே இருந்தாள். என்ன சமையல் என்று கேட்பாள். என் தாளிக்கிற கதையை உஷாம்மாவை விட நன்றாக ரசித்தாள்.

ஒருநாள் அவள் குரல் இறங்கியிருந்தது. "அங்கிள், வெள்ளிக்கிழமை என்னை பர்மனென்ட் பண்றதா வேணாமான்னு முடிவு பண்றாங்க. இந்த ஒரு தடவை அஞ்சு ஸ்டார் குடுங்க. அம்மாவோட டயாலிசிஸ் கம்பெனி இன்சூரன்ஸ்லதான் ஓடுது. உங்களோட பேசுறதை விட மாட்டேன், ப்ராமிஸ். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் சொந்த நம்பர்லேருந்து கூப்பிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை என்றதும் யோசித்தேன். அவள் சொல்வது வாய்வார்த்தை. உங்களுடையது ஆபீஸ் விதி, ஒருநாளும் தவறியதில்லை. எதை நம்புவது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்து வந்த அழைப்பில் சுமலதா என்று ஒருவர் பேசினார். சௌம்யா இப்போது இங்கே இல்லை சார் என்றார்.

பழுதைப் பற்றிக் கேட்டீர்களே, அது சௌம்யா தொட்ட அன்றே சரியாகிவிட்டது. பிறகு ஒருமுறைகூடத் திக்கவில்லை. சௌம்யாவின் அம்மா எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவள் கூப்பிட்டால்தானே தெரியும்? சொந்த நம்பர் இருந்ததல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கூப்பிட்டாளா? நான் சந்தேகப்பட்டது சரிதான்.

எழுந்துவிட்டீர்களா? உங்கள் வருகை எப்படி இருந்தது என்று போனில் கேட்டிருக்கிறார்கள். ஒன்றை அழுத்திவிட்டேன். நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடுங்கள், தம்பி.