தெற்கே திரும்பியவர்

ஹேவாஹெட்ட பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த இருவருக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"தெற்கு எந்தப் பக்கம்னு தெரிஞ்சதாலதான்டா நான் ஆமி ஒபிசர் ஆகல," என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

மற்றவர் சிரித்தார். "அகடமிக்குப் போக முந்தி ஒரு வருச ஆயத்த வகுப்புல சேர்ந்தோமே, அந்தக் கதையா?"

"ஆமா. சிங்களத்துல 'தகுண'ன்னா தெற்குன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். அணிவகுப்புல 'தகுணட்ட'ன்னு கத்துனாங்க. எல்லாரும் வலது பக்கம் திரும்பினீங்க. நான் மட்டும் தெற்கே பார்த்து நின்னேன்."

"அதுக்காக ஒன்னைய யாரும் வெரட்டலியே. மறுநாளே சரியாத் திரும்பினியே."

"திரும்பினேன். ஆனா மொதநாள் தெற்கே பார்த்தப்போ எங்க ஊரு மலை தெரிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் அங்க நிக்க முடியல. நானாத்தான் பெட்டியக் கட்டினேன்."