ஈரச்சாக்கில் வந்த ரோஜா

காட்டு ரோஜா வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: வாசலை ஒட்டி வைக்காதீர்கள். முழங்கால் உயரம்கூட வளராது, பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் மண்ணுக்கடியில் ஓடி, நினைக்காத இடத்தில் தலைகாட்டும். உட்காருங்கள், ஷெரிஃப். காபி ஆறிவிடும்.

என் தம்பி டெல்மருக்கு அந்தச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வடக்கு டகோட்டாவில் ஏர் படாத புல்வெளி இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது? அப்பா விட்டுப்போன நாற்பது ஏக்கர் அப்படிப்பட்டது. பத்திரம் அவன் பேரில். உழுது சோயா போடுகிறவருக்கு விற்கப் போனான். கையெழுத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நான் அழுதேன். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"சரிக்கா, கடைசியா ஒரு தடவ புல்ல எரிச்சுக்க. உன் ரோஜாவுல ரெண்டு தூர் தோண்டித் தரேன், வாசல்ல வெச்சுக்க. ஒரு முள்ளுச்செடிக்குப் போயி ஒப்பாரி வெக்கிற!" என்றான்.

ஏப்ரலில் பழைய புல்லை எரித்தால் ரோஜா நன்றாகத் துளிர்க்கும். அதற்கு முறை இருக்கிறது. காற்று போகிற ஓரத்தை முதலில் மெல்ல எரித்துக் கருந்தரையாக்க வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்ட பிறகே எதிர் ஓரத்தைப் பற்றவைக்க வேண்டும். மாட்டிக்கொண்டால், மறுபடி தீப்பிடிக்காத அந்தக் கருந்தரைக்கு ஓட வேண்டும். அன்று நாங்கள் இரண்டு பேர்தான்.

அவன் நடுவில் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தான். பத்தடி ஆழம் போகிற வேர் மண்வெட்டிக்கு வருமா? நான் பற்றவைத்தேன்.

வாக்கிடாக்கி வேலை செய்யவில்லை என்று அன்று போலீஸ் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். நன்றாகவே வேலை செய்தது.

"அக்கா, நெருப்பு வருதுக்கா. பொகையில ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் ஓடறது? சொல்லுக்கா."

அவன் உடம்புக்கு அடியில் இருந்த ஈரச்சாக்கு மட்டும் கருகவில்லை. உள்ளே இரண்டு தூர். நீங்கள்தான் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "உங்களுக்குன்னு தோண்டியிருக்கான், ஆர்டிஸ் அம்மா" என்றீர்கள். ஊர் பார்க்கிறதே என்று வாசலில் நட்டேன். வேர் அறுந்தது பிழைக்காது என்று நம்பியிருந்தேன்.

இது இரண்டாவது ஜூன். நேற்று படிக்கட்டு விரிசலில் ஒரு முளை. வெட்டினேன். இன்று கதவடியில் மூன்று. எனக்குப் பயமாக இருக்கிறது, ஷெரிஃப். கதவைத் திறக்கக் கை வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் உங்களைப் பின்பக்கமாக வரச் சொன்னேன்.

ஆனால் அவன் கூப்பிட்டும் நான் பேசாமல் இருந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. டெல்மர் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. "எங்கயும் ஓடாதடா, அங்கேயே நில்லு, அக்கா வந்துட்டே இருக்கேன்" என்று அவன் குரல் நிற்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனைத் தனியாக விடவில்லை.