கையைத் தூக்காத பந்துவீச்சு

ராசிபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தோள்வலித் தைலம் மணக்க ஒருவர். பக்கத்தில் அவருடைய கிரிக்கெட் டீம் கேப்டன். என்னை எந்த டீமிலும் சேர்த்ததில்லை என்பதால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க மாமா, உங்களுக்குக் கையே மேல எந்திரிக்கமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வாழப்பாடியோட மேட்சுக்கு நீங்க வேண்டாமுங்க."

"மாப்ளே, அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஒருத்தன் கடைசிவரைக்கும் கையத் தூக்காம பந்தை உருட்டி உருட்டியே பேர் வாங்கினான். என்னையும் உருட்ட உடு."

"அவன் ஸ்டம்ப் இருந்த பக்கமா உருட்டியிருப்பானுங்க."

"நக்கலா? எதிர் டீம் நோஞ்சானா இருந்தா, ஆட்டம் சமமாகட்டும்னு அவனை அவங்களுக்கே இரவல் குடுப்பாங்களாமா. அத்தனை கெட்டிக்காரன்!"

கேப்டன் முதல்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தார்.

"அப்படீங்களா? அப்ப ஞாயித்துக்கிழமை கட்டாயம் வந்துருங்க மாமா. உங்களை வாழப்பாடி டீமுக்குக் குடுத்தர்றோம். நாங்க செயிச்சர்றோமுங்க."