முப்பத்தோராம் நம்பர் களா

கிளியம்மாள்: இந்தச் செடியவா சார் வெட்டிகினு போப்போற?

சாம்பசிவன்: ஆமா. நம்பர் முப்பத்தொண்ணு. எம்பத்தாறுல நான் கட்டின தகரம், தொங்குது பார்.

கிளியம்மாள்: தகரம் தொங்குது… அது சரி. இன்னாத்துக்கு, அடுப்புக்கா?

சாம்பசிவன்: கோயம்புத்தூர் அக்ரி காலேஜ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. காட்டுக் களாவுல பழம் பெருசா, முள்ளு சின்னதா இருக்கற செடிய வெச்சு புது ரகம் உண்டாக்கப் போறாங்க. என் ஆராய்ச்சியப் படிச்சுட்டுத்தான் கேட்டிருக்காங்க.

கிளியம்மாள்: இந்தச் செடியிலயா…

சாம்பசிவன்: நாளைக்குக் காலைல புல்டோசர் வருது. மேடு முழுக்க மனையாகப் போவுது. இன்னிக்கு எடுக்கலேன்னா முப்பத்தொண்ணு போச்சு. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல கூறு கட்டி விக்கற உனக்கு எல்லாம் ஒரே களாதான்.

கிளியம்மாள்: மூணு வருசம் இடுக்கி வெச்சுகினு அளந்தியே, ஒரு பழமாச்சும் வாய்ல போட்டுப் பாத்துக்கிறியா?

சாம்பசிவன்: ருசி என் ஆராய்ச்சியில இல்ல. நீளம், அகலம், எடை, முள்ளு. அவ்ளோதான்.

கிளியம்மாள்: பாறையாண்ட கீறது நாக்க கூசவெக்கும். வேலியோரம் கீறது துளியூண்டு, உள்ள பூரா கொட்ட. ஒண்ணு மாரி இன்னொண்ணு கெடையாது. கண்ண மூடிகினு சொல்லுவேன். நீ நம்பர் இல்லாட்டி உன் வூட்டுக்கே வழி தெரியாம நிப்ப.

சாம்பசிவன்: வாய் ஜாஸ்தி உனக்கு. கெளைய வளைச்சுப் புடி.

கிளியம்மாள்: புடிச்சிட்டேன். வெட்டு… பாத்து சார்…

சாம்பசிவன்: ஸ்ஸ்…

கிளியம்மாள்: குத்திச்சா?

சாம்பசிவன்: ஒண்ணுமில்ல.

கிளியம்மாள்: முள்ளு சின்னதுன்னியே.

சாம்பசிவன்: வெயில் காலத்துல… கொஞ்சம் நீளும்.

கிளியம்மாள்: முள்ளா? வெயில்லயா?

சாம்பசிவன்: டாக்டர் பட்டம் நீ வாங்கியிருக்கியா, நான் வாங்கியிருக்கேனா?

கிளியம்மாள்: நீதான். காலனில போர்டு மாட்டிக்கிறியே, பக்கத்துல இருந்தவங்கள படிக்கச் சொல்லி கேட்டேன்.

சாம்பசிவன்: அப்ப பேசாம கோணிய விரி. பால் ஒழுகுது, கையெல்லாம் பிசுபிசுங்குது.

கிளியம்மாள்: சார்… இத்த கோயம்புத்தூருக்கு அனுப்பாத. காறித் துப்புவாங்க.

சாம்பசிவன்: ஏன்?

கிளியம்மாள்: இது முப்பத்தொண்ணு இல்ல.

சாம்பசிவன்: தகரம்—

கிளியம்மாள்: தகரத்த நான்தான் மாத்தினேன். நம்பர் கட்டின செடில கை வெக்காதன்ன. நீ கட்டினது பூரா நல்ல செடி, என் பொழப்பு இன்னாவறது? மொத வருசம் நீ அளந்துட்டுப் போனதும் எல்லாத்தையும் அவுத்து ஒதவாத செடில கட்டிட்டேன்.

சாம்பசிவன்: கோணிய இன்னும் கொஞ்சம் விரி.

கிளியம்மாள்: அடுத்த வருசம் நீ வந்து அதுங்கள அளந்த. நான் அந்தாண்ட பறிச்சிகினே சிரிச்சேன். இம்மாம் படிச்ச ஆளு, செடி மாறினது தெர்லியேன்னு… இன்னா சார், கோவமே வர்லியா உனக்கு?

சாம்பசிவன்: நிஜமான முப்பத்தொண்ணு எங்க?

கிளியம்மாள்: குட்டையோரம். பழம் கட்டைவெரல் தண்டி இருக்கும், ரெண்டே கொட்ட. முள்ளு பட்டாக்கூட வலிக்காது. சீசனுக்கு அந்த ஒரு செடிதான் எனக்கு அரிசி போட்டுச்சு.

சாம்பசிவன்: வா, போலாம். கத்திய எடு.

கிளியம்மாள்: எங்க போவ? செவ்வாக்கெழம அந்தப் பக்கத்த வழிச்சு எடுத்துட்டானுங்க. இது காலேஜ் செடி, வுட்டுருன்னு டிரைவராண்ட கெஞ்சினேன். நம்பர் எங்கன்னு கேட்டான்.

சாம்பசிவன்: என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே நீ.

கிளியம்மாள்: சொல்லாதது தப்புதான். ஆனா இடுக்கி வெச்சு அளக்கற கண்ணு உன்னுது. ரெண்டு வருசத்துல ஒரு தபாகூடவா சந்தேகம் வர்ல?

சாம்பசிவன்: ரெண்டாவது வருஷம் வந்த அன்னிக்கே தெரிஞ்சுது கிளியம்மா. உன்னைக் கேட்டா திரும்ப மொதல்லேர்ந்து அளக்கணும்னு, மொத வருஷ அளவையே மூணு வருஷத்துக்கும் எழுதிக் குடுத்துட்டேன்… நாளைக்கு மேடு போயிட்டா, எந்தச் செடிய அனுப்பினேன்னு யாரும் வந்து பாக்க முடியாது, கோணியக் கட்டு.