ரம்புத்தான் மரம் சாய்ந்த பக்கம்

அலோர் காஜா போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர், “ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சாட்சி சொல்லப் போறேன்கா,” என்றதும் நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். போனில் இதைவிட நல்லது எதுவும் வராது.

“என்ன சாட்சி?”

“அன்னிக்கு அடிச்ச காத்துல ரம்புத்தான் மரம் நேரா எங்க வீட்டு மேல சாய வந்துச்சு. ‘இயேசப்பா’னு கத்துனேன். அப்படியே திருப்பி விட்டுட்டாரு லா!”

“எந்தப் பக்கம் திருப்புனாரு?”

இளையவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பக்கத்து வீட்டு லில்லி ஆண்ட்டி பக்கம். குசினிக் கூரை போச்சு.”

“ஐயோ, தினமும் விடியக்காலையில எழுந்து ஜெபம் பண்றவங்களாச்சே! அவங்க கத்தலையா?”

“கத்துனாங்க. எனக்கு முன்னாடியே கத்துனாங்க.”

“அவங்க முதல் வரிசையிலதானே உக்காருவாங்க? அவங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவே?”

“அதான் இங்கிலீஷ் ஆராதனையில சொல்லலாம்னு இருக்கேன். ஆண்ட்டி தமிழ் ஆராதனைக்கு மட்டுந்தான் வருவாங்க.”

“ஆண்டவர் ரெண்டுக்கும் வருவாரேம்மா.”