மெர்த்தாவின் சுவரில் ஒரு கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் புதன்கிழமைக் குழுவின் தலைவர் தோர்வால்ட் அவர்களே, தாய் மெர்த்தாவைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் ஹாம்பஸ் அவர்களே, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி இந்த ஓலந்துத் தீவுக்கு வந்து சேர்ந்த பெற்றோர்களே, எங்களை இத்தனை காலம் பொறுத்துக்கொண்ட ஊர்க்காரர்களே, காபி மேஜைக்கு அடியில் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் இங்கெலாவின் வணக்கம்.

என் கையில் இருக்கும் கத்தியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். இது மெர்த்தா லிண்ட்ஹோல்ம் அம்மையார் மரம் சீவிய கத்தி. சற்றுமுன் தலைவர்தான் இதை என் கையில் திணித்து, காதோடு சொன்னார்: "இங்கெலா, பேசி முடிக்கறப்போ இதை உயரத் தூக்கிப் பிடிச்சு, 'இனி புதன்கிழமை வகுப்பை நான் எடுத்து நடத்துவேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. ஜனங்க அதுக்குத்தான் உட்கார்ந்திருக்காங்க." தலைவர் அவர்களே, மன்னிக்கவும், நீங்கள் ரகசியம் பேசினாலும் பின்வரிசை வரை கேட்கும். ஆக, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் அனைவரும் இந்தக் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எப்போது உயரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

யார் இந்த மெர்த்தா? சுவீடனில் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றதும், புலம்பாமல், மனுப் போடாமல், மகனையும் தையல் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு முதல் கப்பலில், அதற்குச் சட்டம் இடம் கொடுக்கும் இக்கரைக்கு வந்தாரே, அவர்தான் மெர்த்தா! இங்கே வந்து ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒவ்வொரு பிள்ளையாக அடைந்து கிடந்த எங்களை, இந்தப் பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் வாரம் ஒருநாள், புதன்கிழமைதோறும் கூட்டிச் சேர்த்தாரே, அவர்தான் மெர்த்தா! பிள்ளைகள் மீனைக் கீறிக் காற்றுப்பையை வெளியே எடுத்தபோது, பக்கத்தில் நின்ற அப்பாமார்கள் மயங்கி விழ, அவர்களை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாரே, அவரேதான்!

பின்னக் கணக்கை அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் தெரியுமா? பிள்ளைகளே ரொட்டி சுட வேண்டும். சுட்ட ஒரு ரொட்டியை ஏழு பேருக்கு வெட்ட வேண்டும். இப்போது மீசை வைத்திருக்கும் நம் ஓத்தோ அன்று சின்னப் பையன்.

"மெர்த்தா, ஏழா எல்லாம் சரியா வெட்டவே முடியாது!"

"அப்படியா கண்ணு? ஒண்ணு மட்டும் மறந்துட்டேன். வெட்டுறவன்தான் கடைசியா எடுத்துக்கணும்."

ஓத்தோ ரொட்டியை உற்றுப் பார்த்தான். "இருங்க, இருங்க. முடியும்போல இருக்கு."

சிரியுங்கள். அவர் இருந்தால் அவரும் சிரித்திருப்பார். அவர் இல்லையே! இந்த அறையில் அவர் இல்லாமல் நாம் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

அவருடைய மேஜையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அதைப் பிள்ளைகளே, நீங்கள் சொல்லுங்கள். கத்தியைக் கீழே வைத்தால்? ஆம்! ஏன் என்று கேட்கக்கூடாது! கை சலித்தவன் சீவினால் விரல் போகும். அதனால் எந்தப் பிள்ளையும் எப்போது வேண்டுமானாலும் கத்தியைக் கீழே வைக்கலாம். ஏன் வைத்தாய், எப்போது எடுப்பாய் என்று பெற்ற தாய்கூடக் கேட்கக்கூடாது. அப்படிக் கேட்ட தாய்மாரைக் குளிரில் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியவர் மெர்த்தா. அதில் நானும் ஒருத்தி.

கதவு என்றதும் படகு நினைவுக்கு வராமல் இருக்குமா? ஒரு குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் இதே இடத்தில் படகு கட்டினார்கள். பலகையை ஆவியில் வளைத்தார்கள், தார் பூசினார்கள், கட்டடமே தார் நாற்றம் அடித்தது. பனி உருகியதும் படகைத் தூக்கினால், அது பின்வாசலில் மாட்டிக்கொண்டது! முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. படகை அளந்த பிள்ளைகள் ஒருவரும் கதவை அளக்கவில்லை.

கட்டடத்துக்குச் சொந்தக்காரரான தலைவர் ஓடிவந்தார். "படகை நடுவுல அறுத்து வெளிய கொண்டுபோங்க! போயி ஒட்டிக்கோங்க!"

மெர்த்தா சொன்னார்: "படகு பிள்ளைங்க கட்டினது தோர்வால்ட். இந்தச் சுவரு யாரு கட்டினது?"

"எங்கப்பா!"

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. சுவரைப் பாரு, எவ்வளவு கோணலா இருக்கு. அந்த மனுஷனே இடிக்கத்தான் நினைச்சிருப்பாரு."

கடைசியில் கடப்பாரையை எடுத்தது யார்? தலைவர் அவர்களே, நீங்கள்தான்! அன்று சுவர் விழுந்தது, படகு கடலுக்குப் போனது. மாலையில் நான் மெர்த்தாவிடம் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"கிறிஸ்துமஸ்லயே தெரியும்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா எனக்கு அளக்கத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதனால அவங்களுக்கு என்ன லாபம்?"

அந்த ஓட்டையைத்தான் பலகை அடித்து மூடிவைத்திருக்கிறோம். பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்பர்களே, இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்திக் கத்தியைத் தூக்கியிருக்க வேண்டும். முடியவில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஒரு புதன்கிழமை, மேஜையைத் துடைத்துவிட்டு மெர்த்தா சொன்னார்: "நான் அக்கரைக்கே திரும்பிப் போறேன். ஹாம்பஸ் அங்க யேவ்லெ டவுன்ல எனக்குச் சின்னதா ஒரு வீடு பார்த்துட்டான். ஒரு மேஜை போட்டு, அதுமேல எதுவுமே வைக்காம, முன்னாடி சும்மா உட்காரப் போறேன். பசை வேணாம், மரத்தூள் வேணாம், மீன் குடலும் வேணாம்." சொல்லிவிட்டு இதே கத்தியை மேஜையில் கீழே வைத்தார்.

கீழே வைத்தார்! நாம் என்ன செய்தோம்? "ஏன் மெர்த்தா?" என்றோம். "எங்கள நடுக்கடல்ல விட்டுட்டா போறீங்க?" என்றோம். "உங்கள நம்பித்தானே வீட்டை வித்துட்டு வந்தோம்?" என்றோம். வாயால் கேட்டது போதாதென்று, பிள்ளைகளைக் கொண்டு அவர் வீட்டுச் சுவரில் ஓர் அலமாரி செய்ய வைத்தோம். அவர் பெட்டியில் கட்டிவைத்திருந்ததை எல்லாம் அன்போடு, பாட்டுப் பாடிக்கொண்டே, எடுத்து அதில் அடுக்கினோம். அவர் அந்த அலமாரியை ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. சுவத்தோட சேர்த்து இறுக்கமா அடிச்சிட்டீங்க" என்றார். எல்லோரும் கைதட்டினோம். குளிர்காலம் முடிவதற்குள் அவர் இதயம் நின்று போனது. அலமாரி அப்படியே நிற்கிறது.

பிள்ளைகள் கட்டிய படகுக்காகச் சுவரை இடித்தோமே, இந்தப் பெண்மணிக்காக ஓர் ஆணியைக் கழற்றினோமா?

இப்போது இந்தக் கத்தி என் கையில் இருக்கிறது. என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். மெர்த்தாவைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போன அன்று, என் மகள் ரூனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேர்ந்துக்கட்டுமா?"

எனக்குத் தலையில் இடி விழுந்தது. எந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று கடல் தாண்டினோமோ, அதே பள்ளிக்கூடம்! இதற்காக என் கணவர் வாரம் முழுக்க அக்கரையில் வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக் கப்பலில் தூங்கி வழிந்துகொண்டு வருகிறார். இதற்காக நான் பிறந்த ஊரை விட்டேன். "ஏன்?" என்று கேட்டேன். "ஏன்டி, இங்க என்ன குறை வெச்சேன்?"

ரூனா உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

நண்பர்களே, நான் இந்தக் கத்தியைத் தூக்கினால் என்ன நடக்கும்? நீங்கள் கைதட்டுவீர்கள், சிலர் அழுவீர்கள். ரூனாவும் கைதட்டுவாள். பிறகு வாயே திறக்க மாட்டாள். வீட்டில் படிப்பிக்கும் குழுவை நடத்துகிறவளின் மகள் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவாள்? என் வாக்குறுதிக்கு அவள் காவல் இருப்பாள். அவளுக்கு நான் காவல் இருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் அன்போடு ஓர் அலமாரி செய்து தருவீர்கள்.

ஆகவே பாருங்கள், கீழே வைக்கிறேன்.

தலைவர் அவர்களே, நீங்கள் வாயைத் திறப்பது தெரிகிறது. மூடிக்கொள்ளுங்கள். சட்டம் சட்டம்தான்.

ரூனா, ஆகஸ்டில் உனக்குப் பள்ளிக்கூடம். பை வாங்கித் தருகிறேன்.

உறுதிமொழி இல்லாமல் இரங்கல் கூட்டம் முடிந்தால் ஊர் என்ன சொல்லும்? என்னிடம் ஒன்று இருக்கிறது. வரும் புதன்கிழமை நாம் எல்லோரும் சேர்ந்து பின்சுவரில் அடித்த பலகைகளைப் பிடுங்கப் போகிறோம். அங்கே ஒரு கதவு வைக்கப் போகிறோம், படகு போகிற அகலத்துக்கு! இந்தமுறை பிள்ளைகள் இரண்டையும் அளப்பார்கள். ஹாம்பஸ், உங்கள் அனுமதியோடு அந்த அலமாரியைக் கழற்றுவோம். கதவின் நடுப்பலகை அதிலிருந்துதான் வரும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும், சின்னக் கைக்கும் எட்டுகிற உயரத்தில். அதற்குப் பிறகு கத்தி பிள்ளைகளின் வேலை மேஜையிலேயே கிடக்கும். விரும்புகிறவர் எடுக்கட்டும், வாரம் ஒரு வீடாகக்கூட எடுக்கட்டும், சலித்தவர் வைக்கட்டும். ஒருவரும் எடுக்காத புதன்கிழமை வந்தால், அன்று பிள்ளைகள் கடற்கரையில் ஓடி விளையாடட்டும். வானம் இடிந்து விழாது.

மெர்த்தா அம்மையாரே, உங்கள் பெட்டிகளை மறுபடி கட்டிவிட்டோம். உங்கள் மேஜையைத் துடைத்துவிட்டோம், அதன்மேல் ஒன்றும் இல்லை. நீங்கள் புறப்படுங்கள். ஏன் என்று இனி யாரும் கேட்க மாட்டோம்.