ஞானத்தாய் தைத்த விரிப்பு

ஒட்டுத்துணி விரிப்பு தைக்கிறவர்கள் பூத்துணிக்குத்தான் அலைவார்கள். நான் அடித்துணிக்கு அலைவேன். சிவப்பும் பச்சையும் எந்தத் தையற்கடையில் கேட்டாலும் துண்டு கிடைக்கும். அவை உட்காருகிற இடம் சரியில்லை என்றால் விரிப்பு சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். புது லாங்கிளாத்து ஆகாது, அந்த வெள்ளை கண்ணைக் குத்தும். மோர் நிறம், அரிசி களைந்த தண்ணீர் நிறம், உடுத்திப் பழுத்த வேட்டி நிறம், இவைதான் அடங்கிக் கிடக்கும். இதையும் நோட்டில் எழுதுகிறீர்களா, கோதண்டபாணி சார்? எழுதுங்கள். நீங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர். மாதா கோயில் தெருவில் ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் பெரியம்மை எங்கிருந்து வந்தது என்று வீடு வீடாகக் கேட்கிறீர்கள். அடித்துணியிலிருந்து தொடங்கினால்தான் பதில் சரியாக வரும்.

வெள்ளை பார்க்கிற கண் எனக்குப் பீங்கான் கம்பெனியில் வந்தது. சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளைப் பிரிப்பது என் வேலை. பூச்சில் ஊசிக்குத்து அளவு புள்ளி இருந்தாலும் செகண்ட்ஸ் குவியலில் போட வேண்டும். என் முகத்தைத்தான் பார்க்கிறீர்களே. ஒன்பது வயதில் அம்மை போட்டது. பிழைத்தேன், குழிகள் நின்றுவிட்டன.

அதே கம்பெனியில் சூளை பார்க்கிற செல்வநாதன் என்னைப் பெண் பார்க்க வந்தார். நான் காபி கொடுத்தேன். என் தங்கை உபகாரமேரி முறுக்குத் தட்டோடு பின்னால் நின்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் தன் அண்ணனிடம் சொன்னது சன்னல் வழியே கேட்டது.

"செகண்ட்ஸ எதுக்குண்ணே வூட்டுக்குக் கொண்டாரணும்? சின்னது நல்லாருக்குது, அதக் கேளுங்க."

கேட்டார்கள், கொடுத்தோம். எனக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனாலும் அவள் கல்யாண ரவிக்கையை நான்தான் தைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து அவளுக்குப் பெண் பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு என்னையே ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். என் பெயரையே வைப்பதாகவும் சொன்னாள், இஞ்ஞாசியம்மாள் என்று.

"யக்கா, ஒன் கையால ஒரு விரிப்பு தச்சுக் குடு. ஒன்ன மாரி யாருக்கு வரும்?"

பச்சைக் குழந்தையைப் புதுத்துணியில் கிடத்துவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணிதான் வேண்டும். எந்தப் பழந்துணியையும் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்ட பிறகே கத்தரி வைப்பேன். அதில் நான் கண்டிப்பு.

அந்த வாரம் பெண்ணாடத்தில் கரும்பு வெட்டுகிற ஒருவர் பெரியம்மையில் போய்விட்டார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். அப்படிப் போனவர்களின் துணியை வேப்பங்குழையோடு ஆற்றங்கரையில் போட்டுவிடுவார்கள், யாரும் தொடமாட்டார்கள். எனக்கு ஒரு தடவை வந்து போனதால் பயமில்லை. அங்கே கிடந்த நாலு முழ வேட்டியை எடுத்துவந்தேன். பழுத்த மோர் நிறம், அங்கங்கே லேசாக மஞ்சள். அத்தனை அடக்கமான அடித்துணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரிப்பைத் தாயும் பிள்ளையும் படுக்கிற அளவுக்குப் பெரிதாக எடுத்தேன். ஒருக்களித்துப் பால் கொடுக்கும்போது தாயின் கன்னம் எங்கே படும் என்று பார்த்து, அங்கே அந்த வேட்டித் துண்டை வைத்துத் தைத்தேன். மற்ற துணிகளை எல்லாம் வேகவைத்தேன். அதை மட்டும் வேகவைக்கவில்லை.

நான் குறிவைத்தது குழந்தையை இல்லை, சார். அவள் முகத்திலும் நாலு குழி விழட்டும், செகண்ட்ஸை அவர் எப்படி வீட்டில் வைத்துக்கொள்கிறார் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

தைத்ததும் கொடுத்துவிடவும் இல்லை. ஞானஸ்நானம் முடியட்டும் என்று ஒரு வாரம் பெட்டியில் பூட்டி வைத்தேன். கோயிலில் சாமியார், பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்டார். குழந்தைக்குப் பதிலாக விட்டுவிடுகிறேன் என்று சொன்னவள் நான்தான். அன்று சாயங்காலம் விரிப்பைக் கொடுத்தேன். ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு எது நடந்தாலும் நேரே மோட்சம். அதையெல்லாம் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை நான்.

பன்னிரண்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த பத்தாம் நாள் அடக்கம். செல்வநாதன் பெட்டியில் கிடந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னை நேராக அவர் பார்த்தது அன்றுதான். உபகாரமேரிக்கு ஒன்றும் வரவில்லை. அத்தனை நாளும் அதே விரிப்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு கிடந்தவள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள்; உடம்பும் வேறுதான் போலிருக்கிறது. அவளுக்காக எனக்கு அழுகை வந்தது, அது நிஜம்.

அவளுக்கு ஏன் வரவில்லை என்று நேற்றும் கேட்டீர்கள். ரவிக்கைக் கையை ஏற்றிப் பாருங்கள், இரண்டு தழும்பு இருக்கும். எனக்கு வந்து போன வருஷம் அவளுக்கு மூன்று வயது, அம்மை குத்த வந்தார்கள். அவள் வீறிட்டு அழுதாள். குத்தினவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்கம்மா. ஒன் தங்கச்சிக்கு இனிமே வரவே வராது."

கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டேன்.